லோடு வண்டியா, காலி வண்டியா? பீட்டர்பில்ட் 359 மாடல் செய்த அனுபவம்

அமெரிக்க லாரியான பீட்டர்பில்ட் 359இன் பிளாஸ்டிக் மாடலை வீடியோ காலில் காட்டினேன். பதினோரு மாத வேலை, அன்றோடு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன். அப்பா ஃபோனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கொஞ்ச நேரம் பார்த்தார், திருப்பிக் காட்டச் சொன்னார், அடியில் இருந்து காட்டச் சொன்னார், அப்புறம் கேட்டார்: "ஏன் கண்ணு, இது லோடு வண்டியா, காலி வண்டியா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல இன்னும் மூன்று மாதம் ஆனது. மாடல் கிட் பெட்டியை ஆசையாக வாங்கி, பாகங்களின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்து அலமாரியில் ஏற்றி வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் எங்கெங்கே தப்பு செய்தேன், எதைச் செய்ததால் சரியாக வந்தது என்பதை நினைவில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

அப்பா சங்ககிரிக்காரர். கிளீனராக ஏறி டிரைவராக இறங்கியவர், முப்பது வருடத்துக்கு மேல் டாடா 1210, லேலண்ட் காமெட் என்று பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஓட்டியவர். நான் டாலஸுக்கு வடக்கே இருக்கிறேன், கம்ப்யூட்டர் வேலை. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் டென்டன் ஊரில் பீட்டர்பில்ட் தொழிற்சாலை இருக்கிறது, 1980இல் ஆரம்பித்தது. புது வண்டிகள் டிரெய்லர் மாட்டாமல் வெறும் முன்வண்டியாக ஹைவேயில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் சின்ன வயதில் லாரி ஆபீஸ் வாசலில் நின்ற ஞாபகம் வரும். ஆனால் என் மனசு ஒட்டிக்கொண்டது பழைய 359இல்தான். 1967இல் வந்து 1987 வரை ஓடிய மாடல். நீளமான மூக்கு, தட்டையான இரண்டு துண்டு முன்கண்ணாடி, கேபினுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் நிமிர்ந்து நிற்கும் சைலன்சர் குழாய்.

இந்தக் கம்பெனியின் ஆரம்பமே எனக்குப் பிடிக்கும். டகோமா ஊரில் மர வியாபாரம் செய்த பீட்டர்மன் என்பவருக்குக் காட்டிலிருந்து மரத்தைக் கொண்டுவர நல்ல வண்டி வேண்டியிருந்தது. ஓக்லாந்தில் நொடித்துப்போயிருந்த ஃபேஜியால் கம்பெனியை வாங்கி 1939இல் தன் பெயரை வைத்து வண்டி கட்ட ஆரம்பித்தார். சரக்கு ஏற்றுகிறவன் தன் தேவைக்குக் கட்டிய வண்டி. அந்த வம்சம்தான் 359.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் அந்தக் காலத்தில் வண்டியின் மொத்த நீளத்துக்குக் கட்டுப்பாடு இருந்ததால் எஞ்சினுக்கு மேலேயே கேபினை வைத்த தட்டை மூஞ்சி வண்டிகள் கிழக்குப் பக்கம் அதிகம். மேற்கில் நீளத்துக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை, அதனால் மூக்கு வண்டிகள் அங்கே செழித்தன. 1982இல் ஒரு மத்திய சட்டம் வந்து இன்டர்ஸ்டேட் சாலைகளில் மொத்த நீளத்தை அளப்பதை நிறுத்தியதும் தட்டை மூஞ்சிகள் மெல்ல மறைந்தன. இது மாடல் செய்கிறவனுக்கு எதற்கு என்று கேட்கலாம். வண்டி எந்த ஊரில், எந்த வருடத்தில், என்ன வேலை பார்த்தது என்று முதலிலேயே முடிவு செய்யாமல் நான் ஆரம்பித்தேன், பதினோரு மாதத்துக்கு அப்புறம் அப்பாவிடம் மாட்டினேன், அதனால்தான் சொல்கிறேன்.

சரி, வேலைக்கு வருவோம்.

கிட் 1/25 அளவு. பழைய அச்சில் மறுபடி ஊற்றி வந்தது. இந்த அளவில் ஒரு பெரிய வசதி இருக்கிறது, எனக்கு இரண்டு மாதம் கழித்துத்தான் உறைத்தது. ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், அதை 25ஆல் வகுத்தால் 1.016. அதாவது நிஜ வண்டியில் ஒரு அங்குலம் என்பது மாடலில் ஒரு மில்லிமீட்டர். அமெரிக்க வண்டியின் எல்லா அளவும் அங்குலத்தில்தான் இருக்கும், அதை அப்படியே மில்லிமீட்டர் என்று படித்துக்கொண்டால் போதும். சேசிஸ் இரண்டு சட்டத்துக்கும் வெளி அகலம் 34 அங்குலம், மாடலில் 34 மில்லிமீட்டரும் கொஞ்சமும். ஸ்லீப்பர், அதாவது கேபினுக்குப் பின்னால் டிரைவர் படுக்கும் அறை, 36 அங்குலம் என்றால் 36 மில்லிமீட்டர். 5 அங்குல சைலன்சர் குழாய்க்கு 5 மில்லிமீட்டர் குழாய். கால்குலேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு டிஜிட்டல் காலிப்பர் வாங்கினேன், இந்த வேலையில் நான் செலவழித்ததிலேயே உருப்படியான செலவு அதுதான்.

பெட்டியைப் பிரித்ததும் ஒட்ட ஆரம்பிக்காதீர்கள். எல்லாப் பாகத்தையும் அவை ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தோடு சேர்த்து வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவையுங்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது தடவிய எண்ணெய் பிளாஸ்டிக் மேல் இருக்கும். கேபினைக் கழுவினேன், பானெட்டைக் கழுவாமல் விட்டுவிட்டேன். ஆறு மாதம் கழித்து இரண்டாவது நிறத்துக்கு ஒட்டிய டேப்பைப் பிரித்தபோது பானெட்டின் கிரீம் பெயின்ட் பிரைமரோடு சேர்ந்து ரூபாய் நோட்டு அகலத்துக்கு உரிந்து வந்தது.

சேசிஸ்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். எனக்கு வந்த இரண்டு நீளச் சட்டங்களில் ஒன்று வாழைப்பழம் மாதிரி வளைந்திருந்தது. பழைய அச்சில் இது சகஜம். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், கை பொறுக்கும் சூட்டுக்கு மேலே கொஞ்சம் சூடு இருந்தால் போதும், அதில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, கண்ணாடிப் பலகை மேல் வைத்து நேராக்கிப் பிடித்தபடியே குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன். ஒரே தடவையில் வராது, நாலைந்து தடவை பொறுமையாகச் செய்ய வேண்டும். குறுக்குச் சட்டங்களை ஒட்டும்போது இரண்டு நீளச் சட்டத்தையும் இரும்புக் கட்டைகளுக்கு நடுவில் நெருக்கி நிறுத்தி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் விட்டேன். பச்சை மூடி போட்ட டாமியா மெல்லிய பசை இதற்கு நல்லது. பாகங்களை முதலில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இணைப்பில் பிரஷ்ஷால் தொட்டால் தானே உள்ளே ஓடும். கெட்டிப் பசையை ட்யூபில் இருந்து பிதுக்கி ஒட்டினால் ஓரத்தில் வழிந்து ஆணித்தலைகளை எல்லாம் கரைத்துவிடும்.

ஆணித்தலை என்றதும் இன்னொன்று. 359இன் கேபின் அலுமினியத் தகடு, ரிவெட் அடித்தது. மாடலில் அந்த ரிவெட்டுகள் சின்னச் சின்னப் புள்ளிகளாக வந்திருக்கும். அச்சுக்கோட்டைத் தேய்க்க உப்புத்தாளை எடுத்தால் பக்கத்தில் இருக்கும் புள்ளிகளும் போய்விடும். எனக்குக் கேபினின் பின்பக்க மூலையில் ஒன்பது புள்ளிகள் போயின. ரெசின் புள்ளிகள் பதித்த டெக்கால் தாள், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படத்தாள், விற்கிறார்கள், வரிசையாக வெட்டித் தண்ணீரில் நனைத்து ஒட்டினால் பெயின்டுக்கு அடியில் அசல் மாதிரியே இருக்கிறது. அதைத் தெரிந்துகொள்ளும் முன் ஊசியால் பசைப்புள்ளி வைத்துப் பார்த்தேன், ஒன்றும் இன்னொன்றும் ஒரே அளவில் வரவில்லை, வழித்து எடுத்துவிட்டேன்.

எஞ்சின் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு வந்த எஞ்சின் கம்மின்ஸ், 855 கன அங்குலம், அதாவது 14 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர். இரண்டு சிலிண்டருக்கு ஒன்றாக மூன்று தனித்தனி ஹெட். மேலே மூன்று மூடிகள் வரிசையாக இருப்பதைப் பார்த்தாலே அந்த எஞ்சின் என்று சொல்லிவிடலாம். கிட்டில் உள்ளதை அப்படியே ஒட்டினால் மொட்டையாகத்தான் இருக்கும், டீசல் குழாய், ஏர் குழாய், ஒயர் எதுவும் இருக்காது. நான் விவரம் சேர்க்கலாம் என்று மெல்லிய செம்புக் கம்பி வாங்கி, பம்பிலிருந்து ஆறு சிலிண்டருக்கும் ஆறு குழாய்கள் வளைத்து மாட்டினேன். சின்ன வயதில் அப்பா பானெட்டைத் திறக்கும்போது நான் பார்த்தது அதுதான், பம்பு தலையிலிருந்து விரல் மாதிரி பிரிந்து போகும் ஆறு இரும்புக் குழாய்கள். ஒவ்வொன்றையும் ஒரே மாதிரி வளைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. பார்க்க ரொம்ப அழகாக இருந்தது.

டெக்சாஸில் பழைய லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தும் கூட்டங்கள் நடக்கும். அப்படி ஒன்றில் ஒரு 359 நின்றது. உரிமையாளர் எழுபது வயதுக்கு மேல் இருப்பார், என் ஃபோனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் தன் வண்டியின் மூக்கை முன்னால் சாய்த்துத் திறந்து காட்டினார். ஆறு குழாய் இல்லை. பம்பிலிருந்து ஹெட்டுக்கு ஒரே ஒரு மெல்லிய குழாய், மிச்ச டீசல் திரும்பிப் போக ஒன்று, அவ்வளவுதான். அந்தக் கால கம்மின்ஸில் பம்பு குறைந்த அழுத்தத்தில் டீசலை அனுப்பும், உயர் அழுத்தம் கொடுப்பது ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலைப் பீய்ச்சும் இஞ்செக்டர்தான், கேம்ஷாஃப்ட் அதை அமுக்குகிறது. நம்மூர் லாரிகளில் பம்பே அழுத்தம் கொடுத்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாயில் அனுப்பியது. இரண்டும் டீசல் எஞ்சின், இரண்டும் ஆறு சிலிண்டர், ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. அன்று இரவே ஆறு கம்பியையும் பிடுங்கினேன். அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப ஒரு பைப்பு லீக்கானா அத மட்டும் மடக்கி அடைச்சுட்டு அஞ்சு சிலிண்டர்ல ஊருக்கு வந்து சேர முடியாதே" என்றார். அவர் அப்படி வந்து சேர்ந்திருக்கிறார்.

அதிலிருந்து ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். ஒரு குழாயோ ஒயரோ சேர்க்கும் முன், அது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது, உள்ளே என்ன போகிறது என்று என்னால் வாயால் சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாவிட்டால் மாட்டுவதில்லை. ஏர் டேங்கிலிருந்து பிரேக் சேம்பருக்கு, பாட்டரிப் பெட்டியிலிருந்து ஸ்டார்ட்டருக்கு, கேபினின் முதுகிலிருந்து டிரெய்லருக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டேன். டிரெய்லருக்குப் போகும் ஏர் ஹோஸ் அரை அங்குலக் குழாய், வெளிச்சுற்று இன்னும் கொஞ்சம் தடிமன், அதனால் 0.8 மில்லிமீட்டர் ஒயர் சரியாக இருந்தது. சுருள் ஹோஸ் வேண்டும் என்றால் ஒயரை 2 மில்லிமீட்டர் கம்பியில் நெருக்கமாகச் சுற்றி, உருவி எடுத்து, லேசாக இழுத்துவிடுங்கள். இழுக்காமல் விட்டால் ஸ்பிரிங் மாதிரி விறைத்து நிற்கும், நிஜ ஹோஸ் தன் எடையில் நடுவில் தொங்கும்.

குரோம் பற்றிப் பேசாமல் இந்த வண்டியைப் பற்றிப் பேச முடியாது. கிட்டில் பம்பர், டீசல் டேங்க், சக்கரம், ஏர் கிளீனர், முன் கிரில் எல்லாமே ஒரே கண்ணாடிப் பளபளப்பில் வரும். பொம்மை மாதிரி தெரிவதற்கு முதல் காரணம் அதுதான். நிஜத்தில் பம்பர் குரோம் பூசிய இரும்பு, டேங்கும் சக்கரமும் பாலிஷ் போட்ட அலுமினியம், கண்ணாடிக்கு மேலே இருக்கும் வெயில் மறைப்பு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். மூன்றும் மூன்று வெள்ளை. வீட்டில் எவர்சில்வர் டம்ளரையும் அலுமினியப் பாத்திரத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், உடனே புரியும்.

பூச்சை நீக்க வீட்டில் துணிக்குப் போடும் பிளீச் திரவம் போதும். பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றிப் பாகங்களைப் போட்டால் கொஞ்ச நேரத்தில் வெள்ளி கரைந்து போய்விடும். கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், வேறு எந்த கிளீனிங் திரவத்தையும் அதோடு சேர்க்கவே சேர்க்காதீர்கள், விஷவாயு வரும். வெள்ளிக்கு அடியில் மஞ்சளாக ஒரு வார்னிஷ் படலம் இருக்கும், அது பிளீச்சில் போகாது. பாகத்தை நன்றாக அலசிக் காயவைத்த பிறகு தனியாகத்தான் அதை எடுக்க வேண்டும். நான் உப்புத்தாளால் எடுத்தேன், கை வலித்தது, ஆனால் அச்சுக்கோடுகளும் அதோடு போனதால் வருத்தமில்லை. அப்புறம் பளபளப்பான கறுப்பு பெயின்ட் அடித்து, இரண்டு மூன்று நாள் காயவிட்டு, அதன் மேல் ஆல்கிளாட் என்ற கம்பெனியின் குரோம் பெயின்டை ஏர்பிரஷ்ஷில் பனி விழுவது மாதிரி அடித்தேன். கறுப்பு எவ்வளவு வழவழப்போ அவ்வளவுதான் குரோம் வரும். டேங்குக்கு அதே கம்பெனியின் பாலிஷ் அலுமினியம். குரோமின் மேல் நிறமில்லாத கிளியர் பூச்சு அடிக்காதீர்கள், செத்துப்போய்ச் சாம்பலாகிவிடும். கண்ணாடி ஓரத்தின் மெல்லிய பட்டைகளுக்கு ஒட்டும் அலுமினிய ஃபாயில் தாள் இருக்கிறது, பேர்-மெட்டல் ஃபாயில், ஒட்டிப் பஞ்சுக்குச்சியால் தேய்த்து புது பிளேடால் ஓரம் வெட்டினால் பிரஷ்ஷால் ஒருநாளும் வராத நேர்கோடு வரும். பிளேடு புதிதாக இருக்க வேண்டும், இரண்டாவது வெட்டிலேயே மழுங்கிய பிளேடு ஃபாயிலைக் கிழிக்கும்.

சைலன்சர் குழாய்க்குக் கிட்டில் இருந்த இரண்டு பாதியையும் தூக்கிப் போட்டுவிட்டு 3/16 அங்குல அலுமினியக் குழாய் வாங்கினேன். வாய் ஓரத்தை உள்ளே இருந்து கத்தி முனையால் சுரண்டி மெலிதாக்கினால் தகடு மாதிரி தெரியும். ஐந்து நிமிட வேலைதான், பார்க்கிறவர்கள் முதலில் கேட்பது அதைப் பற்றித்தான்.

பெயின்டுக்கு டெக்சாஸ் கோடை எதிரி. மத்தியானம் கராஜில் 40 டிகிரி, ஸ்ப்ரே பாகத்தைத் தொடும் முன்பே பாதி காய்ந்து மணல் மாதிரி உட்கார்ந்தது. அதிகாலை ஐந்தரைக்கு எழுந்து, ஸ்ப்ரே டப்பாவை வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் வைத்து எடுத்து அடித்தபோதுதான் வழவழப்பாக வந்தது. கரும்பச்சையும் கிரீமும். கிரீமை முதலில் அடித்து, இரண்டு வாரம் காயவிட்டு, டேப் ஒட்டிப் பச்சை. டேப்பின் ஓரத்தில் முதலில் மறுபடியும் கிரீமையே ஒரு மெல்லிய பூச்சு அடித்தேன், கசிந்தால் அது கசியட்டும் என்று, அதன் மேல் பச்சை. கோடு கத்தியால் வெட்டினது மாதிரி வந்தது.

கண்ணாடியில் ஒரு நல்ல பாகத்தை இழந்தேன். கேபின் உள்ளே ஒரு சீட் கழன்றது, அவசரத்தில் சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டுக் கூரையை மூடினேன். காலையில் பார்த்தால் முன்கண்ணாடியில் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்தில் கண்ணாடி மேல் இப்படித்தான் படியும், துடைத்தால் போகாது. ஆனால் 359இன் முன்கண்ணாடி இரண்டு தட்டைத் துண்டுகள், வளைவே இல்லை, அதனால் 0.25 மில்லிமீட்டர் தெளிவான பிளாஸ்டிக் தாளில் வெட்டி வெள்ளைப் பசையால் ஒட்டினேன், கிட்டில் வந்த தடித்த கண்ணாடியைவிட நன்றாகவே இருந்தது. நிஜ வண்டியிலும் தட்டைக் கண்ணாடிக்கு அந்த வசதி உண்டு, கல் பட்டு ஒரு பக்கம் உடைந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் வெட்டி மாட்டிக்கொள்ளலாம்.

டெக்கால் பழையது என்றால் ஒரே ஒரு வார்த்தை: முதலில் அதன் மேல் கிளியர் லாக்கர் ஒரு பூச்சு அடித்துவிட்டு அப்புறம் தண்ணீரில் போடுங்கள், இல்லாவிட்டால் அப்பளமாக உடையும்.

இவ்வளவும் செய்து முடித்துத்தான் அப்பாவிடம் காட்டினேன், அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நான் என்ன செய்திருந்தேன் என்றால், வண்டி தாழ்வாக இருந்தால் கம்பீரமாக இருக்கும் என்று பின்பக்க ஸ்பிரிங் உட்காரும் இடத்தை அரத்தால் ராவி 3 மில்லிமீட்டர் இறக்கியிருந்தேன். ஆனால் ஸ்பிரிங் பட்டைகள் கிட்டில் வந்தபடியே வில்லாக வளைந்திருந்தன. அப்பா சொன்னார், "பட்டை வில்லா இருந்தா காலி வண்டி, பின்னாடி தூக்கி நிக்கோணும். லோடு இருந்தா பட்டை நிமிந்து படுத்துரும், டயரு அடியில பிதுங்கும். உன் வண்டி ரண்டுங்கெட்டானா நிக்குது." கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன். பின்சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடவே இல்லை, ஒரு தாள் உள்ளே போய் வந்தது. பத்துச் சக்கர வண்டி என்பதால் மேலிருந்து பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியவில்லை.

ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் ஒரு அங்குலம். நான் வண்டியை மூன்று அங்குலம் அமுக்கி வைத்திருந்தேன். அந்த இறக்கத்துக்கு அந்த வண்டியின் முதுகில் சரக்கு இருக்க வேண்டும். அந்தக் காலத்தில், 1974க்கு அப்புறம், அமெரிக்காவில் வண்டியும் டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து மொத்தம் 80,000 பவுண்டு வரை போகலாம், கிட்டத்தட்ட 36 டன். அதன் ஒரு பெரிய பங்கு அந்தப் பின் ஸ்பிரிங்குகள் மேல்தான் உட்காரும். மாடலில் எடையே கிடையாது, அதனால் எடையை நாம்தான் காட்ட வேண்டும், அது முதலில் தெரிவது வண்டி நிற்கும் நிலையில்.

காலி வண்டி, டிரெய்லர் கழற்றிவிட்ட வண்டி என்று முடிவு செய்தேன். பின் ஆக்சில் ஹவுசிங்குகளைக் கழற்ற முடியவில்லை, வெட்டித்தான் எடுத்தேன். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் தாளில் சின்னத் துண்டுகள் வெட்டி, ஒவ்வொரு பக்கமும் ஆறு துண்டு அடுக்கிப் பழைய உயரத்துக்குக் கொண்டுவந்து, நான்கு முனையிலும் தாள் நுழைகிறதா என்று பார்த்துப் பார்த்து ஒட்டினேன். முன் டயர்கள் மேல் மட்டும் எஞ்சின் எடை எப்போதும் இருக்கும் என்பதால் அவற்றின் அடியை உப்புத்தாளில் கால் மில்லிமீட்டர் தட்டையாக்கினேன். டயர்களைப் பற்றி இன்னொன்றும்: வினைல் டயர் பிளாஸ்டிக்கைத் தொட்டபடி வருடக்கணக்கில் இருந்தால் பிளாஸ்டிக்கை அரித்து உருக்கிவிடும், சக்கரத்தின் உள்வளையத்தில் பெயின்ட் அடித்தோ ஃபாயில் ஒட்டியோ பிரித்து வையுங்கள்.

அடுத்த வாரம் திரும்பக் காட்டியபோது, "இப்ப நிக்குது" என்றார். அப்புறம் இரண்டாவது கேள்வி: "அழுக்கு எங்க?"

நான் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மண் தூசி அடித்திருந்தேன், கேபின், டேங்க், படி, சேசிஸ் எல்லாம். அப்பா சொன்னது இன்றைக்கும் என் மேஜை முன்னால் எழுதி ஒட்டியிருக்கிறது: "கிளீனர் கை எட்டற எடம் சுத்தமா இருக்கும், எட்டாத எடம் அழுக்கா இருக்கும். கை எட்டறதுலயும் கால் மிதிக்கற எடம் தேஞ்சிருக்கும்." டேங்கின் வெளிப்பக்கம் துணியால் துடைப்பார்கள், பளபளக்கும், சேசிஸ் பக்கம் திரும்பிய உள்பக்கம் யாரும் துடைப்பதில்லை. டேங்க் மூடிக்குக் கீழே டீசல் வழிந்த கோடு, அந்தக் கோட்டில் மட்டும் தூசி ஒட்டியிருக்கும். பானெட் மேல் சுத்தம், முன் ஆக்சில் எண்ணெயும் மண்ணும் கலந்த கறுப்பு. "டிரைவரு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அங்கே இடது பக்கம். நான் இரண்டு பக்கப் படியையும் ஒரே மாதிரி தேய்த்திருந்தேன். வலது படியில் தேய்மானத்தை அழித்துவிட்டு இடது படியின் நடுவில், ஒரு பூட்ஸ் அகலத்துக்கு, பென்சில் ஈயத்தைப் பொடித்து விரலால் தேய்த்தேன்.

டிரெய்லர் உட்காரும் ஃபிஃப்த் வீல் தட்டு அப்பாவுக்குப் பழக்கமில்லை, அவர் டிரெய்லர் இழுத்ததில்லை. அதற்கு அந்த 359 பெரியவரிடமே மறுபடி போனேன். கறுப்பு கிரீஸ் தட்டு முழுக்கச் சமமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. டிரெய்லரின் அடித்தகடு மேலே உட்கார்ந்து ஒவ்வொரு திருப்பத்திலும் தேய்ப்பதால் கிரீஸ் நடுவிலிருந்து விலகி ஓரத்திலும் டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங்பின் முளை நுழையும் வாயிலும் வரம்பு மாதிரி குவிந்திருந்தது. நடுவில் இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது, அதில் கீறல்கள், எல்லாம் நேராக இல்லை, கிங்பின்னை மையமாக வைத்து வளைந்த வில் கோடுகள். வீட்டுக்கு வந்து தட்டுக்கு வெள்ளி அடித்து, ஊசியால் அந்த வில் கோடுகளைக் கீறி, கறுப்பு ஆயில் பெயின்டில் கொஞ்சம் வார்னிஷ் கலந்து ஓரத்தில் மட்டும் பல்குத்தும் குச்சியால் தடவினேன். மாடலில் அந்த இடத்தைத்தான் நான் இப்போதும் அடிக்கடி பார்க்கிறேன். 36 மில்லிமீட்டர் அகலம்கூட இல்லாத ஒரு தட்டு, ஆனால் ஒரு டிரெய்லர் அதன் மேல் ஆயிரம் தடவை திரும்பியது தெரிகிறது.

மூன்றாவது கேள்வி ஒன்றும் கேட்டார், என்ன சரக்கு என்று. கலிஃபோர்னியாவின் சலினாஸ் பக்கம் கீரையும் காய்கறியும் ஏற்றிக் கிழக்கே போகும் குளிர்சாதன டிரெய்லர் என்று வைத்துக்கொண்டேன். அதற்கேற்ற மாதிரி தூசியின் நிறத்தையும் செம்மண்ணிலிருந்து வெளிறிய பழுப்புக்கு மாற்றினேன்.

இப்போது அந்த டிரெய்லரைக் கட்டிக்கொண்டிருக்கிறேன், கிட் இல்லை, பிளாஸ்டிக் தாளில் முதலில் இருந்து. எழுபதுகளில் சகஜமான 40 அடி நீளம், மாடலில் 488 மில்லிமீட்டர், அரை மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, அலமாரியில் எங்கே வைப்பது என்று மனைவி கேட்டுக்கொண்டிருக்கிறாள். கிங்பின் 2 அங்குலம், அதற்கு 2 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி வெட்டி வைத்துவிட்டேன், தட்டின் வாயில் நுழைத்துப் பார்த்தேன், சரியாகப் போகிறது. அப்பா மே மாதம் வருகிறார். நேற்று ஃபோனில், டிரெய்லரைக் கழற்றி நிறுத்தும்போது முன்னால் இறங்கும் கால்கள் மண்ணில் புதையாமல் இருக்க அடியில் என்ன வைப்பார்கள் என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். சனிக்கிழமை லாரி நிறுத்துமிடத்துக்குப் போய்ப் பார்த்து, அளந்துகொண்டு வர வேண்டும்.